திஞ்சான் விருந்துக்கு 30 பேர்: பிரியாணியை விடுங்கள்

திஞ்சானுக்கு, அதாவது பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு, வீட்டுக்கு வரும் 30 பேருக்கு என்ன சமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் இரண்டு மணிக்கே பிரியாணி அண்டா காலி, தண்ணீர் விளையாடிவிட்டுக் கடைசியாக வந்தவர்கள் நனைந்த துணியும் பசியுமாக நின்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். யாங்கோனில் எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான். அளவில் தப்பில்லை, முதலில் வருபவர்கள் கறியை அள்ளிவிடுகிறார்கள்.

ஓனோ கவுசுவே போடுங்கள், நூடுல்ஸ் மேல் தேங்காய்ப்பால் கோழிக் குழம்பு ஊற்றிச் சாப்பிடும் பர்மியச் சாப்பாடு. 30 பேருக்கு எலும்பில்லாத கோழி இரண்டரை வீசை, அதாவது 4 கிலோ. வேகவைத்த நூடுல்ஸ் மூன்றரை வீசை, முட்டை 30. நூடுல்ஸில் கடலை எண்ணெய் பிசிறி வைத்தால் ஒட்டாது. குழம்பு கெட்டியாகக் கடலைமாவைக் கரைத்து ஊற்றுங்கள். விழா நாட்களில் சந்தை மூடிவிடும், கோழிக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

வெங்காய மசாலாவை மட்டும் முந்தின இரவு வதக்கலாம். கோழியும் தேங்காய்ப்பாலும் காலையில்தான். ஏப்ரல் வெக்கையில் பால் புளித்துவிடும், மின்சாரம் போனால் ஃபிரிட்ஜையும் நம்ப முடியாது. பால் ஊற்றியபின் தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும். கரி அடுப்பில் ஆறாமல் வைத்திருங்கள். கரண்டி வீட்டு ஆள் கையில் இருக்கட்டும், அதுதான் முக்கியம். எங்கள் வீட்டில் அத்தைதான். அவரிடம் இரண்டாம் கரண்டி கேட்க யாருக்கும் தைரியம் வராது.

சைவக்காரர்களுக்குப் பொரித்த தோஃபு போட்டுத் தனிச் சட்டி.

அப்புறம், வெல்லம் வைத்த மாவுருண்டையைப் பிள்ளைகளிடம் உருட்டக் கொடுங்கள். கொதிநீரில் மிதந்தால் வெந்தது. ஒன்றிரண்டில் விளையாட்டுக்கு வெல்லத்துக்குப் பதில் மிளகாய் வைப்பார்கள், பெரியவர்கள் தட்டுக்குப் போகாமல் பாருங்கள்.