அம்மாவின் சமையல் நோட்டை அச்சடிக்க எத்தனை பிரதி, எந்த பைண்டிங்?

கேள்வி: அம்மா இரண்டு நோட்டு நிறையச் சமையல் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். மீன் தீயல், சக்கை எரிசேரி, தெரளியப்பம், முந்திரிக்கொத்து எல்லாம் உண்டு. அம்மாவின் 80ஆவது பிறந்தநாளுக்கு அதைப் புத்தகமாக்கிச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஆசை. 60 பிரதி போதும். அச்சகத்தில் கேட்டால், 500 போட்டால்தான் ஒரு பிரதியின் விலை குறையும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகி, தக்கலை

பதில்: 60 மட்டும் போடுங்கள். அச்சகத்தார் சொல்வது பொய்யில்லை. ஆஃப்செட் என்ற அச்சு முறையில் பிளேட் (அச்சுத் தகடு) எடுத்து, மெஷினில் ஏற்றிச் சரிபார்ப்பதற்குள்ளேயே பெரிய செலவு ஆகிவிடும். 60 அடித்தாலும் 500 அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். ஆனால் உங்கள் கையிலிருந்து போவது மொத்தத் தொகை. மிச்சம் 440 பிரதியை எங்கே வைப்பீர்கள்? இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் நம்முடையது. கட்டிப்போட்ட காகிதம் ஈரம் பிடித்துப் பூஞ்சை ஏறிவிடும்.

உங்களுக்கு ஏற்றது டிஜிட்டல் அச்சு. பிளேட் கிடையாது, பத்துப் பிரதி வேண்டுமானாலும் போடலாம், பிறகு கேட்பவர்களுக்கு அதே ஃபைலிலிருந்து இன்னும் பத்து எடுக்கலாம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். சிவகாசி மலிவு என்று யாராவது சொல்வார்கள். அது ஆயிரக்கணக்கில் அடிப்பவர்களுக்கு.

டிஜிட்டலில் கலர் பக்கத்துக்கு ஒரு விலை, கறுப்பு வெள்ளைக்கு ஒரு விலை. எல்லாப் பக்கத்திலும் படம் வைத்தால் செலவு பல மடங்காகும். படங்களை எட்டுப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். கூடவே அம்மாவின் கையெழுத்துப் பக்கம் நாலைந்தை ஸ்கேன் செய்து போடுங்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பளபளப்பான சாப்பாட்டுப் படத்தைவிட அதுதான் பெரிது என்பேன். போட்டோக்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

பைண்டிங்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதுகில் பசை போட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் பார்க்க அழகு. ஆனால் விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளும். தீயலுக்குத் தேங்காய் வறுக்கும்போது புத்தகத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால் தேங்காய் கரிந்துவிடும். ஸ்பைரலோ, கம்பி வளையம் கோக்கும் வயர்-ஓவோ போட்டால் பக்கம் விரித்தபடி கிடக்கும். உள்ளே 100 ஜிஎஸ்எம் (காகிதத்தின் எடை அளவு) மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத காகிதம் போதும்; வழவழப்பான ஆர்ட் பேப்பரில் ஈரம் பட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அட்டை 300 ஜிஎஸ்எம், லேமினேஷனோடு.

டைப் செய்யக் கொடுக்கும்போது அளவுகளை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 1/2 ஸ்பூன் காயத்தில் நடுக்கோடு விட்டுப்போனால் அது 12 ஸ்பூன். 'அரை' என்று இருந்தால் அந்தப் பயம் இல்லை. எந்தக் கணினியிலும் திறக்கிற யூனிகோடு எழுத்துருவில் டைப் செய்த ஃபைலையும் பிடிஎஃப்பையும் நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடையை மாற்றினாலும் திரும்ப டைப் செய்யும் கூலி மிச்சம்.

அப்புறம், 60க்கும் ஆர்டர் கொடுக்கும் முன் ஒரே ஒரு மாதிரிப் பிரதி அடித்து வாங்குங்கள். அதைப் பார்த்து, அம்மாவிடம் ஒன்றும் கேட்காமல், வீட்டில் வேறு யாராவது ஒரு குழம்பு வைக்கட்டும். நோட்டில் எழுதாமல் விட்டுப்போன உப்பும் புளியும் அப்போதுதான் தெரியவரும். பிழை திருத்துவதைவிட இதை முக்கியமாகச் சொல்கிறேன்.

கேள்வி: ஐஎஸ்பிஎன் (புத்தக அடையாள எண்) இல்லாமல் புத்தகம் போடக்கூடாது என்று சொல்லி டைப்பிங் சென்டரில் பணம் கேட்கிறார்கள். உண்மையா?
- வாசகர், குளச்சல்

பதில்: இல்லை. வீட்டுக்குள் கொடுக்கும் புத்தகத்துக்கு அந்த எண் தேவையே இல்லை. கடையிலோ இணையத்திலோ விற்பதானால் எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே தருகிறது. இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். சென்டரில் கேட்பது அவர்கள் செய்துதரும் வேலைக்கான கூலி.

கேள்வி: 40 பிரதி அடித்து வாங்கினேன். ஒரே மாதத்தில் பக்கங்கள் கழன்று வருகின்றன. கடைக்காரர் கையை விரிக்கிறார்.
- வாசகி, குழித்துறை

பதில்: கழன்ற பிரதிகளைப் படம் எடுத்துக்கொண்டு, மறுபடி பைண்டிங் செய்து தரவேண்டும் என்று தேதி குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலன் இல்லாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. பில் வேண்டும். பில் இல்லையென்றால் ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் விலை பேசிய செய்தி எதையும் அழிக்காமல் வையுங்கள்.