முடக்குவாதமும் இதயமும்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 52. பன்னிரண்டு ஆண்டுகளாக முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிட்டு வருகிறேன். சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, நெஞ்சு வலி என்று ஒருநாளும் படுத்ததில்லை. இருந்தும் சென்ற மாதம் மூட்டு டாக்டர் ஈசிஜி, கொழுப்புப் பரிசோதனை எல்லாம் எழுதிக் கொடுத்தார். விரல் வீக்கத்துக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு? வீண் செலவு என்று வீட்டில் சொல்கிறார்கள்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: வீண் செலவு அல்ல, அம்மா. எழுதிக் கொடுத்தவர் தம் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார். வயதால் வரும் முழங்கால் தேய்மானத்தையும் முடக்குவாதத்தையும் ‘மூட்டு வலி’ என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. தேய்மானம் பெரும்பாலும் அந்த மூட்டோடு நின்றுவிடும். முடக்குவாதமோ, உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் வருவது. அந்தத் தாக்குதலில் சுரக்கும் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருட்கள் விரல் கணுவிலேயே தங்கிவிடுவதில்லை. ரத்தத்தோடு உடல் முழுவதும் சுற்றுகின்றன. இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளின் உட்சுவர் ஆண்டுக்கணக்கில் இந்த அழற்சியில் ஊறும்போது அங்கே கொழுப்பு விரைவாகப் படிகிறது. படிந்த கொழுப்பின் மேல்மூடி மெலிந்து உடைந்தால், அவ்விடத்தில் ரத்தம் உறைந்து மாரடைப்பு வருகிறது.

இது ஊகம் அல்ல. அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2003-இல் வெளியானது. அதில், முடக்குவாதம் உள்ள பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட இரண்டு மடங்காகவும், நோய் வந்து பத்து ஆண்டுகள் கடந்தவர்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்காகவும் இருந்தது. உங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதை வீட்டாரிடம் சொல்லுங்கள். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பு, முடக்குவாத நோயாளிகள் எல்லோருக்கும் குறைந்தது ஐந்தாண்டுக்கு ஒருமுறை இதய ஆபத்தைக் கணக்கிட வேண்டும் என்றும், வழக்கமான கணக்கீட்டு முறையில் இந்த நோய் சேர்க்கப்படாதிருந்தால் வரும் விடையை 1.5-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. இந்தக் கணக்கை யார் போடுவது என்பதில்தான் நடைமுறையில் கோட்டை விடுகிறோம். மூட்டு மருத்துவர் அதை இதய மருத்துவரின் வேலை என்று விட்டுவிட, நெஞ்சு வலி இல்லாத நோயாளி இதய மருத்துவரிடம் போவதே இல்லை. உங்கள் மருத்துவர் அப்படி விடவில்லை.

கேள்வி: என் மனைவிக்கு மூட்டு வீக்கமும் காலை நேர விறைப்பும் மிக அதிகமாக இருந்தபோது எடுத்த பரிசோதனையில் கொழுப்பு குறைவாகவே இருந்தது, மகிழ்ந்தோம். மருந்து மாற்றி வீக்கம் வடிந்த பிறகு எடுத்தால் கொழுப்பு ஏறியிருக்கிறது. புதிய மருந்து இதயத்தைக் கெடுக்கிறதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: நீங்கள் மகிழ்ந்த அந்த முதல் அறிக்கையைத்தான் நம்பியிருக்கக் கூடாது. அழற்சி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் மொத்தக் கொழுப்பும் கெட்ட கொழுப்பும் குறைந்து காணப்படுவது முடக்குவாதத்தின் விசித்திரங்களில் ஒன்று. எண் குறைவாக இருக்கும் அதே நேரத்தில் ஆபத்து கூடுதலாக இருக்கும். மருத்துவர்களே இதை முரண் என்றுதான் குறிப்பிடுகிறார்கள். அழற்சி அடங்கியதும் மறைந்திருந்த அளவு மேலே வருகிறது; டோசிலிசுமாப், டோஃபாசிட்டினிப் போன்ற மருந்துகளில் இந்த ஏற்றம் தெளிவாகவே தெரியும். அந்த ஏற்றத்தை மட்டும் பார்த்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நோய் நிலைப்பட்ட பிறகு எடுக்கும் அறிக்கையை வைத்துக்கொண்டு, ஸ்டேட்டின் மாத்திரை தேவையா என்று மருத்துவரோடு பேசுங்கள். முடக்குவாத நோயாளிகளிடமும் அம்மாத்திரை மற்றவர்களிடம் செய்வது போலவே கெட்ட கொழுப்பைக் குறைக்கிறது.

டோஃபாசிட்டினிப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஐம்பது வயதைக் கடந்து, புகைப் பழக்கமோ சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்களிடம் அதை டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் ஊசி மருந்துகளோடு ஒப்பிட்ட ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டன. அதனால் 2021-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அம்மருந்துக்குக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. உங்கள் மனைவி சாப்பிடுவது அதுவாக இருந்தால், அவருடைய வயதையும் பிற நோய்களையும் மருத்துவருக்கு நினைவூட்டிக் கேளுங்கள்.

கேள்வி: முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட் இதயத்துக்குக் கெடுதல் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நிறுத்திவிடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம். முடக்குவாத நோயாளிகளிடம் நடந்த பல ஆய்வுகளில், மெத்தோட்ரெக்ஸேட் எடுத்துக்கொண்டவர்களுக்கு இதய நோய் குறைவாகவே வந்திருக்கிறது. அழற்சியை அடக்குவதுதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். ஏனெனில் முடக்குவாதம் இல்லாத இதய நோயாளிகளுக்கு அதையே கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் பயன் எதுவும் கிடைக்கவில்லை. கல்லீரல், ரத்த அணுப் பரிசோதனைகளைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள். ‘வாரம் ஒருமுறை’ என்பதை நாள்தோறும் என்று மாற்றி விழுங்கிவிடும் தவறு உயிருக்கே ஆபத்தானது என்பதையும் பக்கத்து வீட்டாருக்குச் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு முடக்குவாதமும் உண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட்டும் வைத்திருக்கிறது. வலி தாங்காத நாட்களில் மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொள்வேன். தெரிந்தவர் ஒருவர் கொடுத்த பொடி ஒன்று இரண்டே நாளில் வலியை நிறுத்துகிறது. தொடரலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: இரண்டையும் இன்றே நிறுத்துங்கள் என்று எழுதவே கை வருகிறது, ஆனால் பொடியை மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. இரண்டே நாளில் முடக்குவாத வலியை நிறுத்தும் பெயர் தெரியாத பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஸ்டீராய்டைப் பல வாரங்கள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் உடல் தளர்ந்து மயக்கம் வரை போகலாம். பொடியை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர் சொல்லும் முறையில் விடுங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். மருத்துவரே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை எழுதிக் கொடுத்தாலும், மிகக் குறைந்த அளவில், மிகக் குறைந்த காலத்துக்கு என்பதே அவருடைய நோக்கமாக இருக்கும்.

வலி மாத்திரைகளைப் பற்றி உலகம் பாடம் கற்றது 2004-இல். வயிற்றுக்கு நல்லது என்று கொண்டாடப்பட்ட ரோஃபிகாக்சிப், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது எனத் தெரிந்து அந்த ஆண்டு செப்டம்பரில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. டைக்ளோஃபினாக்கும் அதே போன்ற ஆபத்து உடையதே. இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களுக்கு அதைத் தரக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு 2013-இல் அறிவித்தது. ஸ்டென்ட் வைத்த உங்களுக்கு ஆஸ்பிரின் கொடுத்திருப்பார்கள். கூடவே ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரையைப் போட்டால் ஆஸ்பிரினின் பாதுகாப்பும் குறையும். வலி அடிக்கடி தாங்க முடியாமல் போகிறது என்றால் உங்கள் முடக்குவாதம் அடங்கவில்லை என்று பொருள். அதற்கு வாதநோய் நிபுணர் அடிப்படை மருந்தைத்தான் மாற்ற வேண்டும். ஸ்டென்ட் வைத்ததை அவரிடமும், முடக்குவாதம் இருப்பதை இதய மருத்துவரிடமும் சொல்லியிருக்கிறீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை.

கேள்வி: இருபது ஆண்டுகளாக முடக்குவாதத்தோடு வாழும் என் அம்மாவுக்கு வயது 61. ஒருநாள் இடது தோளும் முதுகும் வலிக்கிறது, களைப்பாக இருக்கிறது என்றார்கள். வழக்கமான வாத வலிதான் என்று தைலம் தேய்த்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து ஈசிஜி எடுத்தபோது மாரடைப்பு வந்து போன தடயம் இருக்கிறது என்றார்கள். என் தவறுதானா?
– மகள், சிவகாசி

பதில்: இல்லை, அம்மா. அனுபவம் உள்ள மருத்துவர்களும் இந்த நோயில் ஏமாந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்த ஆய்வொன்று 2005-இல் வெளியானது; அதன்படி முடக்குவாத நோயாளிகளுக்கு யாருமே அறியாமல் வந்து போகும் மாரடைப்பு மற்றவர்களைப் போல இரு மடங்கு. அவர்கள் நெஞ்சு வலி என்று சொல்வதோ குறைவு. படி ஏறினால், வேகமாக நடந்தால் நெஞ்சு இறுகும் என்பதே இதய நோயின் பழைய அடையாளம். கால் மூட்டு வலியால் படியே ஏறாதவருக்கு அந்த அடையாளம் எப்படித் தெரியும்? களைப்பு வந்தால் ரத்தசோகை என்றும், தோள் வலித்தால் வாதம் என்றும், மூச்சு வாங்கினால் வயது என்றும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது.

தோள் மூட்டு வலி கையைத் தூக்கினால், அழுத்தினால் கூடும். பெரும்பாலும் பழகிய வலியாக இருக்கும். கையை அசைத்தாலும் மாறாத புது வலி, தாடைக்கோ முதுகுக்கோ பரவும் இறுக்கம், காரணமில்லாத வியர்வை, குமட்டல், திடீர் மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் தைலத்தை எடுக்காமல் 108-ஐ அழையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தால், தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே ரத்தம் உறைவதைத் தடுக்கும் முதல் தவணை மாத்திரைகளை அங்கே கொடுப்பார்கள்.

இனி அம்மாவுக்கு இதயப் பரிசோதனை செய்யும்போது, ஓடும் பட்டையில் நடக்கவைத்து எடுக்கும் டிரெட்மில் சோதனையை எழுதினால், கால் மூட்டு இடம் கொடுக்காது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பாதியில் நிறுத்திய டிரெட்மில் சோதனையை வைத்து இதயம் நலம் என்று முடிவு செய்ய முடியாது. ஊசி மருந்தால் இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து எக்கோ பார்க்கும் முறையும், சி.டி. ஆஞ்சியோவும் இருக்கின்றன. அவற்றில் எது அம்மாவுக்குப் பொருந்தும் என்று அவருடைய சிறுநீரக அறிக்கையைப் பார்த்து இதய மருத்துவர் சொல்வார்.