பத்து மில்லிகிராம்

அன்புள்ள ஐயா,

வலியே தெரியாமல் பிறப்பவர்களைப் பற்றிப் படித்தேன். ஒரே ஒரு மரபணு வேலை செய்யாமல் போனால் போதுமாம். அதை எல்லாக் குழந்தைகளுக்கும் மாற்றிவிட்டால் மனிதகுலத்தின் துன்பமே தீர்ந்துவிடாதா? துன்பம் போனால் இலக்கியமும் போய்விடுமா? அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. வீட்டில்தான் இருக்கிறார், இரவெல்லாம் முனகல். தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்கிறார் டாக்டர்.

வி., திருச்சி

அன்புள்ள வி.,

இலக்கியத்தை விடுங்கள். நல்ல கதை கிடைக்கும் என்பதற்காக யாரும் வலியில் கிடக்க வேண்டியதில்லை.

நீங்கள் படித்தது எஸ்சிஎன்9ஏ என்ற மரபணுவைப் பற்றி. நரம்புக்குள் சோடியத்தை விட்டு வலிச் செய்தியைக் கிளப்பிவிடும் ஒரு வாயில், அந்த மரபணு சொல்லித்தான் உருவாகிறது. 2006-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வட பாகிஸ்தானின் 3 குடும்பங்களை வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். தேடலைத் தொடங்கிவைத்தவன் ஒரு பையன். தெருவில் கையில் கத்தியைச் செருகிக் காட்டுவான், தணலில் நடப்பான். அவர்கள் அவனைப் பார்ப்பதற்குள், 14-வது பிறந்தநாளன்று, வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். பிறகு பரிசோதித்த 6 பிள்ளைகளுக்கும் உதட்டிலோ நாக்கிலோ காயம். நாலு வயதுக்குள் தாங்களே கடித்துக்கொண்டது. இரண்டு பேருக்கு நாக்கின் முன்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு இல்லை. இதையா எல்லாக் குழந்தைகளுக்கும் கேட்கிறீர்கள்?

அந்த வாயிலை மருந்தால் அடைக்கக் கம்பெனிகள் பல வருடம் முயன்றும் கைகூடவில்லை. அதற்கு அடுத்த வாயிலை அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மருந்து 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அதுவும் திடீர் வலிக்கு மட்டும்.

சரி, இது இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் மனிதகுலம் முதலில் வருகிறது, அப்பா கடைசியில் வருகிறார். படித்ததும் கோபம் வந்தது. பக்கத்து அறையில் முனகுகிற மனிதருக்கு மருந்து இருக்கிறது வி. மார்ஃபின், அபினியிலிருந்து எடுப்பது. புற்றுநோய் வலிக்கு அதை வாய்வழியாக, மணி பார்த்து, வலி திரும்புவதற்கு முன்பே கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே எழுதிவைத்துவிட்டது. சட்டப்படி அபினி விளையும் நாடு நம்முடையது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் கசகசாக் காயைக் கீறிப் பால் எடுக்கிறார்கள். நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகளே இருக்கின்றன. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபினைத் தொடாமல் இருந்தன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி வழிவிட்டார்கள். பயம்தான் இன்னும் போகவில்லை.

என்னை வளர்த்த அத்தைக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று. சத்தம் போட்டால் பேரன் எழுந்துவிடுவான் என்று துண்டு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வாள். நாலு மாதத்தில் அந்த முனை நார் நாராகிவிட்டது. டாக்டரிடம் மார்ஃபின் கேட்டேன். "பழகிடுச்சுன்னா விட முடியாது" என்றார். சாகக் கிடக்கிறவளுக்கு என்ன பழக்கம்? ஆனால் நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் ஒரு நர்ஸ் வழிகாட்டி, வேறு ஊரில் வாங்கிவந்தோம். பத்து மில்லிகிராம் மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒன்று. அன்று ராத்திரி தூங்கினாள். காலையில் ரசத்தில் உப்பே இல்லை என்று என் மனைவியைத் திட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் நின்று அழுதோம். அதற்குப் பிறகு 19 நாள் இருந்தாள். துண்டைத் தேடவே இல்லை.

நாளைக் காலையில் கிளம்புங்கள். அப்பாவின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு பெரிய அரசு மருத்துவமனைக்குப் போய், பேலியேட்டிவ் கேர், அதாவது வலியைத் தணிக்கும் சிகிச்சை, எங்கே பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு டாக்டர் முடியாது என்றால் அடுத்தவரிடம் போங்கள். என்னைப் போலத் தலையாட்டாதீர்கள். மார்ஃபினால் மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து எழுதிக் கேளுங்கள். அத்தை விஷயத்தில் அது தெரியாமல் நாலு நாள் தவிக்கவிட்டோம்.

அப்பா ஒரு இரவு தூங்கியதும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.