பின்மேசைப் பேச்சு நேரலையில் போனால் யார் பொறுப்பு?

கேள்வி: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் உணவகம் ஒன்றில் வாரந்தோறும் முகநூல் நேரலைப் பேட்டி நடத்துகிறேன். ஷாட்கன் மைக்கை (ஒரு திசையைக் குறிவைக்கும் நீள்குழாய் மைக்) மேசையில் வைத்து விருந்தினரை நோக்கித் திருப்பியிருந்தேன். அவருக்குப் பின்னால் இருந்த மேசையில் ஒருவர், ஒரு கடைக்காரரைப் பெயர் சொல்லி, "கூட்டுப் பணத்தைச் சுருட்டியவன்" என்றது தெளிவாகப் பதிவாகிவிட்டது. கடைக்காரரின் வழக்கறிஞர் 14 நாள் கெடு வைத்துக் கடிதம் அனுப்பி ஒரு வாரமாகிறது. சொன்னது நானில்லை. முன்னால் உள்ளதை மட்டுமே பிடிக்கும் என்று சொல்லித்தான் மைக்கை விற்றார்கள். கடைக்காரருக்கு எங்கள் குடும்பத்தின் மீது பழைய பகை வேறு. காணொளி இன்னும் பக்கத்தில் இருக்கிறது. எடுத்தால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடுமா?

பதில்: பகையை விடுங்கள், மைக் விற்றவரையும் விடுங்கள். நீங்கள் எழுதியதில் சட்டத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: காணொளி இன்னும் பக்கத்தில் இருக்கிறது.

வாயால் சொன்னவர் வேறொருவர். ஊருக்குக் கொண்டு சேர்த்தவர் நீங்கள். பக்கம் உங்கள் பெயரில் இருந்தால், மலேசியாவின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு உங்களையே வெளியிட்டவராக அனுமானிக்கும். கூட்டு, அதாவது சீட்டு, நடத்துவதே 1971 முதல் சட்டப்படி தடை என்பதால், கடைக்காரர் மீது குற்றம் சுமத்தும் அந்தப் பேச்சை வெறும் ஏச்சு என்று தள்ளவும் முடியாது. நேரலை ஓடியபோது கவனிக்கவில்லை என்று வாதாட இடமுண்டு. கடிதம் வந்த பிறகு ஓடிய ஒரு வாரத்துக்கு அந்த வாதம் நிற்காது. எடுப்பது ஒப்புதல் ஆகாது, இன்றே எடுங்கள்.

ஆனால் அழித்துவிடாதீர்கள். பலர் விழும் குழி இதுதான். காணொளியை முழுதாகத் தரவிறக்கி, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைத் திரைப்பிடிப்பு எடுத்து, பிறகு பொதுப் பார்வையிலிருந்து நீக்குங்கள். ரெக்கார்டரில் உள்ள மூலக் கோப்பையும் மெமரி கார்டையும் தொடாதீர்கள். கையில் இருந்த சான்றைக் காட்டாதவருக்கு எதிராக ஊகிக்க அதே சாட்சியச் சட்டத்தின் 114(ஜி) பிரிவு நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது.

அடுத்தது, "மைக்கின் குறை" என்று பதில் எழுதும் ஆசை. தயவுசெய்து எழுதாதீர்கள். தெரியாமல் வெளியிட்டவருக்கு 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் ஒரு வழி உண்டு: திருத்தமும் மன்னிப்பும் வெளியிட முன்வந்து, நடந்ததை விளக்கும் அஃபிடவிட்டோடு (சத்தியப் பிரமாண வாக்குமூலம்) அனுப்ப வேண்டும். ஆனால் நியாயமான எல்லாக் கவனமும் எடுத்தேன் என்று காட்டியாக வேண்டும். மைக் பேச்சு அங்கே உங்களையே திருப்பி அடிக்கும். ஷாட்கனின் குழாய் பக்கவாட்டில் வரும் உயர் அதிர்வெண்களைத்தான் நன்றாகத் தணிக்கும். விருந்தினருக்கு நேர் பின்னால் இருப்பவர் மைக்கின் அதே கோட்டில் இருக்கிறார். அவர் குரலைக் குழாய் தணிப்பதே இல்லை. விருந்தினர் ஒரு மீட்டரிலும் பின்மேசை இரண்டு மீட்டரிலும் இருந்தால், வித்தியாசம் சுமார் 6 டெசிபல்தான். மைக்கை 30 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்திருந்தால் 12 டெசிபலுக்கு மேல் கிடைத்திருக்கும். தலைக்கு மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்திருந்தால் அந்தக் கோட்டில் தரைதான் இருந்திருக்கும். ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெயின் ஓடியிருந்தால் இன்னும் மோசம்: விருந்தினர் மூச்சு வாங்கும் இடத்தில் அது பின்மேசையை உயர்த்திக் கொடுக்கும். எதிர்த்தரப்பு கேட்கப்போகும் முதல் கேள்வி, நேரலையில் ஹெட்போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தீர்களா என்பது. இல்லை என்றால் 7ஆம் பிரிவை நம்பி வழக்காடாதீர்கள். போட்டிருந்தால், கேட்டும் ஏன் விட்டீர்கள் என்பார்கள்.

அதனால் சமரசம்தான் என் ஆலோசனை. கெடு முடியுமுன் உங்கள் வழக்கறிஞர் வழியாக "முன்பாதகமின்றி" (without prejudice: சமரசப் பேச்சை ஒப்புதலாகக் கொள்ளக்கூடாது என்பது பொருள்) என்று தலைப்பிட்டுப் பேசுங்கள். நீங்களே நேரலையில் தோன்றி மன்னிப்புக் கேட்க வேண்டாம். குற்றச்சாட்டைத் திரும்பச் சொன்னால் அது புதிய வெளியீடு. மன்னிப்பின் வாசகத்தை இரு தரப்பும் முதலில் ஒப்புக்கொள்ளட்டும், பழைய சொற்கள் அதில் வரக்கூடாது. எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் செலவில் ஒரு பங்கைக் கேட்பார்கள். கட்டக்கூடிய தொகையாக இருந்தால் கட்டுங்கள், செஷன்ஸ் நீதிமன்றம் வரை போனால் அதைவிடக் கூடுதலாகும். கெடு தாண்டியும் அவர்கள் பேசாமல் இருந்தால் தப்பித்தோம் என்று எண்ணாதீர்கள். அவதூறு வழக்கு தொடர இங்கே 6 ஆண்டு அவகாசம் உண்டு. முழு, இறுதித் தீர்வு என்று எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.