கடலோர மணலில் ஒயின் திராட்சை: வாசகர் கேள்விகள்

கேள்வி: மணல் தண்ணீரையும் பிடித்து வைக்காது, சத்தையும் பிடித்து வைக்காது. போர்ச்சுகலின் கொலாரெஸ் பகுதியில் கடலோர மணலில் ஒயின் திராட்சை எப்படி விளைகிறது?

பதில்: மேலே தெரிவதுதான் மணல். கொடி பிழைப்பது அதற்கு அடியில் இருக்கும் களிமண்ணில். லிஸ்பனுக்கு மேற்கே, சிந்த்ரா மலையை ஒட்டி அட்லாண்டிக் கடலோரம் இருக்கும் இந்தத் தோட்டங்களில், களிமண் தட்டும்வரை பள்ளம் வெட்டுவார்கள். சில இடங்களில் பல மீட்டர் இறங்க வேண்டிவரும். களியில் போத்தை (நடுவதற்கு வெட்டிய கொடித்துண்டை) ஊன்றி, கொடி வளர வளர மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி மூடுவார்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக மூடினால் துளிர் புதைந்துபோகும். காய்ந்த மணல் சொல்லாமல் கொள்ளாமல் சரியும் என்பதால், அந்தக் காலத்தில் பள்ளம் வெட்டியவர்கள் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கினார்கள். மண் மூடினாலும் மூச்சுவிடக் கொஞ்சம் இடம் மிஞ்சுமே!

இப்படிப் பாடுபட்டதற்குப் பலன் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் ஐரோப்பியத் தோட்டங்களைச் சூறையாடியபோது இந்தக் கொடிகள் தப்பித்தன. களிமண் காய்ந்தால் வெடிக்கும். அந்த வெடிப்புகள்தான் பேனுக்கு நடைபாதை. மணலில் வெடிப்பு நிற்காது. வேர் களியில் இருந்தாலும், மேலே கிடக்கும் மணலைத் தாண்டாமல் பேன் அங்கே போக முடியாது. மற்ற பல ஊர்களில் இந்தப் பேனைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டி நடுகிறார்கள். இங்கே ரமிஸ்கோ என்ற கறுப்புத் திராட்சை இன்றும் சொந்த வேரில் நிற்கிறது. 1908இல் கொலாரெஸ் ஒயின் பகுதிக்கு எல்லை வகுத்து, அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் கொடுத்துவிட்டார்கள்.

கேள்வி: கடல் காற்றால் ஒயினில் உப்புச் சுவை ஏறுமா?

பதில்: உப்புக்காற்று முதலில் செய்வது சேதம்தான். இலை விளிம்பு கருகும். பூக்கும் பருவத்தில் பலமாக வீசினால் காய் பிடிக்காது. அதனால் பந்தல் போடாமல் கொடியைத் தரையோடு படரவிட்டு, நாணல் தட்டியும் கல்சுவரும் எழுப்புகிறார்கள். காய் முற்றும்போது சூட்டு மணலில் பட்டு வெந்துவிடும் என்பதால், கிளைகளுக்குச் சின்னக் குச்சிகளை முட்டுக்கொடுத்துத் தூக்க வேண்டும். அடியில் காற்று நுழைவதால் ஈரத்தில் வரும் பூஞ்சை நோயும் குறையும்.

சுவையில் கடலின் வேலை வேறு. கோடை வெயிலை அது தணிப்பதால் பழத்தில் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது, புளிப்பு குறையாமல் நிற்கிறது. ரமிஸ்கோவுக்குச் சின்னப் பழம், தடித்த தோல். துவர்ப்பு தூக்கலாக இருக்கும். புது ஒயினைக் குடித்துவிட்டு முகம் சுளிப்பது நியாயமில்லை. பல வருடம் கிடந்தால்தான் அது அடங்கும்.

கேள்வி: அப்படியானால் எந்தக் கடற்கரையிலும் ஒட்டில்லாமல் நடலாமா?

பதில்: முடியாது. மணலில் களி அதிகம் கலந்திருந்தால் பேன் புகுந்துவிடும். அடிநீரும் முக்கியம். பிரான்சின் கமார்க் மணலில் கீழே உப்பு நீர். அங்கே ரோன் ஆற்று நன்னீரை வயலில் தேக்கி உப்பைக் கீழே தள்ளுகிறார்கள். குளிர்காலக் காற்றில் மணல் பறக்காமலிருக்க வரிசைகளுக்கு நடுவே தானியமும் விதைக்கிறார்கள்.