புதிய மாடல் யாருக்காக?

கேள்வி: ரேஸர், பேனா, குளிர்பான டப்பா என்று எதை எடுத்தாலும் சில ஆண்டுகளில் வடிவம் மாறிவிடுகிறது. பழையதைக் கேட்டால் ‘இப்போது வருவதில்லை’ என்கிறார்கள். இந்த மாற்றங்கள் நம் வசதிக்காகவா, விற்பனைக்காகவா?

பதில்: ஒரே பொருளில்கூட இரண்டும் கலந்திருக்கும். குளிர்பான டப்பாவையே எடுத்துக்கொள்வோம். 1960-களுக்கு முன்பு அதன் மூடியில் தனிக் கருவியால் துளையிட்டுத்தான் குடிக்க வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் எர்மல் ஃப்ரேஸ், இழுத்துப் பிய்க்கும் வளையத்தைக் கொண்டுவந்தார். வசதிதான். ஆனால் பிய்த்தெறிந்த வளையங்கள் கடற்கரைகளில் சிதறிக் கிடந்து, வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதங்களைக் கிழித்தன. திறந்த பிறகும் டப்பாவை விட்டுப் பிரியாத இன்றைய அமைப்பை 1975-இல் டேனியல் கட்ஸிக் வடிவமைத்தார். இது முழுக்க நமக்கான மாற்றம்.

அதே டப்பாவின் கழுத்து பின்னாளில் ஒடுங்கியது தயாரிப்பாளருக்காக. பக்கச் சுவரைவிட மூடியின் தகடு தடிமனானது. மூடி சிறுத்தால் உலோகம் மிச்சம். அதனால் நமக்கு நட்டம் எதுவும் இல்லை.

பிக் நிறுவனத்தின் கிரிஸ்டல் பேனா 1950-இல் வந்தது. பார்த்தால் இன்றும் ஏறக்குறைய அதே உருவம்தான். 1991-இல் மூடியின் நுனியில் ஒரு துளை சேர்ந்தது. குழந்தை மூடியை விழுங்கி அது மூச்சுக்குழாயில் சிக்கினாலும் கொஞ்சம் காற்று போகட்டும் என்பதற்காக! ‘புதிய துளையுடன்’ என்று யாரும் முரசு கொட்டி விற்கவில்லை. உருப்படியான மாற்றங்கள் பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல்தான் வருகின்றன என்பது என் எண்ணம்.

ரேஸர் கதை வேறு. ஜில்லெட்டின் காப்புரிமை 1904-இல் கிடைத்து 1921-இல் காலாவதியானது. அதே ஆண்டில் நிறுவனம் ‘மேம்படுத்தப்பட்ட’ புதிய ரேஸரைக் களமிறக்கியது. பிறகு 1971-இல் இரண்டு பிளேடு, 1998-இல் மூன்று, 2006-இல் ஐந்து. சவரம் சற்று மென்மையாகியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பழைய இரட்டை முனை பிளேடை யார் தயாரித்தாலும் வாங்கிப் பொருத்தலாம். புதிய கைப்பிடிக்கோ அதற்கென்றே செய்த பிளேடுதான் வேண்டும்.

ஆகவே தீர்ந்துபோகும் பாகத்தை முதலில் பாருங்கள். பிளேடு, மை, வடிகட்டி, பேட்டரி ஆகியவற்றை வேறு நிறுவனத்திடமும் வாங்க முடியுமா? அடுத்து, பொருளைத் திருப்பிப் பாருங்கள். முன்பு திருகாணி இருந்த இடத்தில் இப்போது பசை போட்டு ஒட்டியிருந்தால், பழுது பார்க்கும் வழியை அடைத்துவிட்டார்கள் என்று பொருள்.

கேள்வி: வாஷிங் மெஷினில் குமிழ் உள்ளதை வாங்குவதா, தொடுதிரை உள்ளதையா?

பதில்: வீட்டில் முதியவரோ பார்வைக் குறைபாடு உள்ளவரோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், குமிழ்தான். அதைத் தடவிப் பார்த்தே இயக்கலாம். ஈரக் கையால் தொட்டால் தொடுதிரை சில நேரம் முரண்டு பிடிக்கும்.

கேள்வி: பாட்டில்களின் அடியில் குழிவு வைப்பது அளவைக் குறைத்து ஏமாற்றத்தானே?

பதில்: எல்லாவற்றிலும் அப்படி இல்லை. சோடா வகை பானங்களின் பிளாஸ்டிக் பாட்டிலில் ஐந்து கால் போன்ற அடிப்பகுதி, உள்ளே இருக்கும் வாயு அழுத்தத்தைத் தாங்குவதற்காக அமைந்தது. மற்ற பாட்டில்களில் உருவத்தை நம்பாமல், அச்சிட்ட நிகர அளவைப் பார்த்து, 100 மில்லிக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். பாட்டில் புது வடிவம் எடுத்த மாதத்தில் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட வேண்டும்.