கறுத்தம்மா படத்தில் ஏன் அழுதுகொண்டே இருக்கிறாள்?

சென்ற இதழில் தகழி சிவசங்கர பிள்ளையின் மலையாள நாவல் ‘செம்மீன்’ பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குக் கடற்கரை ஊர்களிலிருந்தும் மலையோரத்திலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை முழுக்க அதுதான்.

கேள்வி: சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் நாவலைப் படித்துவிட்டு, பிறகு 1965-இல் வந்த படத்தைப் பார்த்தேன். நாவலில் யோசித்து யோசித்து வளர்கிற கறுத்தம்மா படத்தில் பாதி நேரம் அழுகிறாள். இயக்குநர் ராமு காரியாட் அவளைக் கெடுத்துவிட்டாரா?
– வாசகி, கொல்லங்கோடு

பதில்: கெடுத்துவிட்டார் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நீங்கள் சொல்லும் குறை இருக்கத்தான் செய்கிறது.

நாவலின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். அப்பா வள்ளமும் வலையும் வாங்கப் போகிறார் என்று கறுத்தம்மா மீன் வியாபாரி பரீக்குட்டியிடம் சொல்கிறாள். அந்த மீனை எனக்கு விற்பாயா என்று அவன் கேட்க, நல்ல விலை தந்தால் விற்கலாம் என்று அவள் சொல்ல, இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். சின்னப் பெண்ணின் விளையாட்டுப் பேச்சு, அவ்வளவுதான். அப்புறம் அந்த வள்ளம் வாங்க பரீக்குட்டியே பணம் கொடுக்கிறான், ராத்திரியோடு ராத்திரியாகக் கருவாட்டையும் தூக்கிக் கொடுக்கிறான். வள்ளம் வந்து முதல் மீன்பாடு கரையேறும்போது அவன் வந்து நின்றால், அவள் அப்பன் செம்பன்குஞ்சு அவனிடம், கையில் ரொக்கம் இருக்கிறதா என்று கேட்கிறான். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த அதே பேச்சு இப்போது அப்பன் வாயிலிருந்து நிஜமாகவே வருகிறது, அதை அவள் நின்று பார்க்கிறாள். கறுத்தம்மா வளர ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

இதற்குப் பிறகு நாவல் நெடுக அவளை அரித்துக்கொண்டே இருப்பது காதலைவிடக் கடன். பரீக்குட்டியின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று அம்மாவிடம் மன்றாடுகிறாள். அந்தக் கடன் தீராதவரை தான் இன்னொருவன் மனைவியாக நிம்மதியாக வாழ முடியாது என்பது அவளுக்குத் தெரியும். கல்யாணத்தன்று மாப்பிள்ளை பக்கம் கட்ட வேண்டிய பெண்பணத்தில் தகராறு வந்து, அம்மா சக்கி மயங்கிக் கிடக்க, அப்பன் தடுக்கத் தடுக்க அவள் தாலி கட்டிய பழனியோடு கிளம்பிப் போகிறாளே, அது மாமியார் வீடு போகிற போக்கு இல்லை. இந்தக் கரையில் இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து எடுத்த முடிவு.

படத்திலும் கடன் இருக்கிறது, சம்பவங்களும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் மன்னா டே ‘மானச மைனே வரூ’ என்று பாட ஆரம்பித்ததும் பார்க்கிறவன் மனதில் காதல் ஒன்றுதான் தங்கும். சலில் சௌதுரி அப்படி ஒரு மெட்டைப் போட்டுவிட்டார், யாரைக் குற்றம் சொல்வது? தகழி பக்கம் பக்கமாக எழுதிய மனக்கணக்குக்கு, கறுத்தம்மாவாக நடித்த ஷீலாவின் கையில் இருந்தது இரண்டு கண்கள் மட்டும்தான். அந்தக் கண்கள் நன்றாகவே வேலை செய்தன. ஆனாலும் யோசிக்கிற முகமும் துக்கப்படுகிற முகமும் திரையில் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். உங்களுக்கு அழுகையாகப் பட்டதில் பாதி யோசனைதான். இன்னொரு முறை அப்படிப் பாருங்கள்.

கேள்வி: கதாபாத்திர வளர்ச்சி என்கிறார்கள். செம்பன்குஞ்சு வளரவா செய்கிறான், கெட்டுத்தானே போகிறான்?
– கல்லூரி மாணவர், களியக்காவிளை

பதில்: தம்பி, நல்லவனாக ஆனால்தான் வளர்ச்சி என்று யார் சொன்னது? ஆரம்பத்தில் இருந்தவன் கடைசியில் இல்லை, இடையில் நடந்தது ஒவ்வொன்றும் நமக்குப் புரிகிறது. அது போதும். அந்த வகையில் ‘செம்மீ’னிலேயே முழுசாக வளர்க்கப்பட்ட ஆள் செம்பன்குஞ்சுதான் என்று அடித்துச் சொல்வேன்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கரை வழக்கப்படி வள்ளமும் வலையும் வைத்துக்கொள்ளும் உரிமை வலைக்காரர் சாதிக்குத்தான், முக்குவர் சாதிக்குக் கிடையாது. செம்பன்குஞ்சு முக்குவன். அடுத்தவன் வள்ளத்தில் துடுப்புப் போட்டே காலம் கழிக்கப் பிறந்தவன் என்று ஊர் முத்திரை குத்திய ஆள், வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, பெண்டாட்டி கூடை சுமந்து கிழக்கே போய் மீன் விற்றுக் கொண்டுவரும் காசையும் சேர்த்து ஒரு வள்ளம் வாங்குகிறான் என்றால், அந்த ஆசையில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. உனக்கும் தெரியாது. அதனால்தான் அவன் பரீக்குட்டியை ஏமாற்றும்போது நமக்கு அத்தனை வலிக்கிறது, அதுவரை நாம் அவன் பக்கம்தானே நின்றோம்!

வள்ளம் வாங்க கண்டன்கோரன் வீட்டுக்குப் போனபோது அந்த வீட்டின் வாழ்வையும், கண்டன்கோரன் மனைவி பாப்பிக்குஞ்சுவின் மினுக்கத்தையும் பார்த்துவிட்டு வந்து சக்கியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறான். அப்போது அது நமக்கு வேடிக்கையாக இருக்கும். சக்கி செத்த பிறகு, கண்டன்கோரனும் இல்லாமல் போனபின், அதே பாப்பிக்குஞ்சுவைக் கட்டிக்கொண்டு வருகிறான். கண்டன்கோரனுடைய வள்ளம், அவனுடைய வலை, கடைசியில் அவன் மனைவி! அந்த வாழ்க்கையையே விலைக்கு வாங்கிவிடலாம் என்று நினைக்கிறான். வாங்கியது ஒன்றும் ஒட்டவில்லை. சித்தம் கலங்கிப்போகிறான்.

இந்த ஒரு பாத்திரத்தில் படம் நாவலுக்குக் கொஞ்சமும் குறையவில்லை. கொட்டாரக்கர ஸ்ரீதரன் நாயர் நடித்திருக்கிறார் பார், ஆரம்பத்தில் அவர் கண்ணில் இருக்கிற பசியும் பின்னால் வருகிற பேராசையும் வேறு வேறு. ஒன்று எப்போது இன்னொன்றாக மாறியது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. ஆசை வெளியே தெரிகிற ஆள் என்பதால் கேமராவுக்கு அவன் அகப்பட்டான். உள்ளுக்குள்ளேயே மறுகுகிற மகள் அகப்படவில்லை.

கேள்வி: மது நடித்த பரீக்குட்டி கடைசிவரை அப்படியே இருக்கிறானே?
– வாசகர், தேங்காய்ப்பட்டணம்

பதில்: ஆமாம், அப்படியேதான் இருக்கிறான், நாவலிலும். அவனிடம் இருப்பது கரைகிறது, அவன் மாறுவதில்லை. கொடுத்துக்கொண்டே இருப்பான், கேட்க மாட்டான். கடைபோட்டு மீன் வாங்கிய முதலாளி கடைசியில் ஒன்றுமில்லாமல் கரையில் பாடிக்கொண்டு திரிகிறான். மற்ற எல்லாரும் மாறும்போது மாறாத ஒருவன் தேவைப்படுகிறான்.

கேள்வி: பெண் தப்பு செய்தால் கடலுக்குப் போன கணவனைக் கடலம்மா எடுத்துக்கொள்வாள் என்ற கதையை எங்கள் கரையில் பிறந்த நான் எப்படிக் கொண்டாடுவது? வீட்டில் இருக்கிறவள் தலையில் பழியைப் போடுகிற கதை இது.
– வாசகி, குளச்சல்

பதில்: சகோதரி, உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் நம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை பட்டது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு நம் கரைப் பெண்கள் தவம் இருந்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஊர் ஊராகத் திரண்டு வந்து, காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்த பிறகு இந்தக் கடலம்மா கதையைப் பழையபடி வாசிக்க என்னாலும் முடியவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாவல் அந்த நம்பிக்கையை அப்படியே தூக்கிப் பிடிக்கவில்லை. கரைப் பெண்கள் சண்டை போடும் இடம் ஒன்று வரும். ஒருத்தி இன்னொருத்தியின் பழைய கதையை இழுக்க, அவள் இவளுடையதை இழுக்க, கடைசியில் சக்கி உட்பட யாரும் மிச்சமில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது, கடலோ வழக்கம்போலக் கிடக்கிறது, வள்ளங்களும் திரும்பி வந்துகொண்டுதான் இருக்கின்றன. அம்மா சொல்லிக் கொடுத்த கடலம்மா கதையில் சந்தேகம் விழ இது போதாதா? கறுத்தம்மாவின் பயத்துக்கும் சந்தேகத்துக்கும் நடக்கிற இழுபறி எனக்கு இந்த நாவலின் உயிர். படத்தில் இதே நம்பிக்கை வயலார் ராமவர்மாவின் பாட்டில் வருகிறது. தவம் இருந்தவளின் கணவன் திரும்பி வந்தான், தவறிப்போனவளின் கணவனைக் கடலம்மா கொண்டுபோனாள் என்று கூட்டமாக ஆடிப்பாடும்போது அது ஊர்ச் சட்டமாகவே மனதில் உட்கார்ந்துவிடுகிறது, சந்தேகத்துக்கு இடமே இல்லை. உங்கள் கோபத்தைப் படத்தின் மேல் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

படத்தின் கடலைப் பற்றி மட்டும் குறை சொல்லாதீர்கள். ‘மாயாபஜார்’ படத்தை எடுத்த அதே மார்கஸ் பார்ட்லிதான் இதற்கும் ஒளிப்பதிவு.

கேள்வி: சத்யன் நடித்ததால் பழனி பாத்திரம் நாவலைவிடப் படத்தில்தான் மேல் என்கிறார் என் அண்ணன். நீங்கள்?
– வாசகர், செங்கோட்டை

பதில்: அண்ணன் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். நாவலின் பழனி இளைஞன், சத்யனுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது, அது முதலில் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் தாயும் தகப்பனும் இல்லாமல் கடலை மட்டுமே நம்பி வளர்ந்தவனின் தனிமை அந்த முகத்தில் பேசாமலே வந்துவிடுகிறது, வயதையும் மறந்துபோகிறோம்.

அண்ணன் விட்டுவிட்ட மற்றப் பாதி, கறுத்தம்மா பழனியின் ஊரான திருக்குன்னப்புழைக்குப் போன பிறகு இருக்கிறது. மனைவியைப் பற்றிய பேச்சால் கூட்டாளிகள் அவனை வள்ளத்தில் ஏற்ற மறுக்கிறார்கள், துடுப்பில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது, அப்படிப்பட்டவன் தனியாகத் தூண்டிலோடு கடலுக்குப் போக வேண்டியதாகிறது. அவளை நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல் அவன் படுகிற பாட்டை நாவல் அவசரப்படாமல் சொல்கிறது. படம் அங்கே வேகம் பிடித்து, கடைசியில் வருகிற சுறாவை நோக்கி ஓடிவிடுகிறது. அண்ணனிடம் நாவலின் பின்பாதியை மட்டுமாவது படித்துவிட்டு எனக்கு எழுதச் சொல்லுங்கள்.